முப்பத்தெட்டுப் புள்ளிக்கு ஒரு மதில்

கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன் முதலில் கடலைப் பார்க்கவேண்டும். மற்ற ஊர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வீதியில் இறங்கினால் போதும். நெடுந்தீவில் பிறந்தவன் கோபத்தையும் கையில் பிடித்துக்கொண்டு லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கவேண்டும். லோஞ்சு வராவிட்டால் கோபம் ஆறிப்போகும், பசி ஆறாது. பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் நான் ஒழுங்காகப் படித்தது அனேகமாக இது ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட ஒரு வயது இளைய தங்கை லீலாவும் அதே வகுப்பில் இருந்தாள். (அவள் வகுப்பேற்றம் பெற்று வந்தவள் என்று நினைக்கவேண்டாம். நான் எட்டாம் வகுப்பை இரண்டுமுறை ரசித்துப் படித்தவன்.) அப்பா இறந்து மூன்று வருடம். அம்மா ஓலைப்பெட்டி இழைத்து விற்றாள். காலையில் பழஞ்சோறு இருந்தால் அது, இல்லாவிட்டால் தேத்தண்ணி. எனக்கு இருந்தது ஒரு காற்சட்டை. அது காயாத நாளில் எனக்குக் காய்ச்சல் என்று லீலா வகுப்பில் சொல்லுவாள்.

அந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வந்தது. ஊர்த் தொழில் ஒன்றைக் குழுவாகச் செய்து, செய்ததைக் கொப்பியில் எழுதிக் கொடுக்கவேண்டும். லீலாவின் குழு பள்ளிக்கூட வளவில் மிளகாயும் கத்தரியும் போட்டது. அந்தத் தோட்டத்தைச் சுற்றி மதில் கட்டுவது எங்கள் குழுவின் வேலை. எங்கள் ஊர் மதிலுக்குச் சாந்து கிடையாது. பவளப்பாறையில் உடைத்த முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று கவ்வும்படி அடுக்குவார்கள். இடுக்குகளால் காற்றுப் போகும், குதிரை போகாது. (ஓம், குதிரைதான். எங்கள் தீவில் கேட்பாரில்லாத குதிரைகள் கூட்டமாகத் திரியும். கோடையில் பச்சையாக எதைக் கண்டாலும் அவற்றுக்கு விருந்து.)

குழுவில் நாலு பேர். தலைவன் தில்லைநாதன், தபாலதிபரின் மகன், முத்துமுத்தான கையெழுத்து. ஒருவனுக்குக் கல் சுமக்கத் தொடங்கிய அன்றே இருமல் வந்தது. மற்றவன் இருமுகிறவனைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். மதிலை நான் கட்டினேன். அப்பாவோடு வேலி அடைக்கப் போய்ப் பழகிய கை. மூன்று கிழமை, நெஞ்சளவு உயரம், சாய்ந்து நின்றாலும் அசையாது.

புள்ளி வந்தது. தில்லைநாதனுக்கு எண்பத்திரண்டு. இருமினவனுக்கு அறுபது. எனக்கு முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் குறைந்தால் சித்தியில்லை, பெயில். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே அழகான எழுத்தில் இருந்தது: ‘கல் எடுத்துக் கொடுத்து உதவியவர்.’

வாத்தியாரிடம் போனேன்.

“சேர், மதில் முழுக்க நான் கட்டினது.”

“தெரியும் தம்பி. நான் பார்த்தனான்தானே. ஆனால் ஒவ்வொருத்தரும் அரைப் பக்கம் எழுதச் சொன்னனான். நீர் எழுதேல்லை.”

“மதிலைப் பாத்தால் தெரியும்தானே, சேர்?”

“மேலிடத்துக்குக் கொப்பியைத்தான் அனுப்பலாம். மதிலைச் சுருட்டி அனுப்பேலாது.”

வகுப்பு சிரித்தது. லீலா சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அன்று பின்னேரம் எல்லோரும் போனபிறகு வளவுக்குள் வந்தேன். எனக்கு முப்பத்தெட்டுப் புள்ளி என்றால் நான் கட்டினதும் நூற்றுக்கு முப்பத்தெட்டு வீதந்தான் நிற்கவேண்டும் என்பது என் நியாயம். கயிறு பிடித்து உயரத்தை அளந்தேன், வகுத்தேன், பெருக்கினேன். வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் செய்த ஒரே வீதக் கணக்கு அது. மிச்சக் கற்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். (எறியவில்லை. கல் என்ன பிழை செய்தது?) மதில் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. நீதி நிலைநாட்டப்பட்டது.

உள்ளே தங்கையின் தோட்டம் இருந்ததே என்று கேட்பீர்கள். கணக்குச் சரியாக வந்த சந்தோசத்தில் அது என் கண்ணில் படவேயில்லை.

விடிய எழும்பி, ஒரு சாரத்தையும் ஒரு சட்டையையும் உரப்பையில் கட்டினேன். லீலா பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் போறன்.”

“எங்கை?”

“யாழ்ப்பாணத்துக்கு.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தருமில்லை.”

“அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவாய்.”

துறைக்குப் போனால் சோளகக் காற்று அடித்து எறிந்தது. லோஞ்சுக்காரர் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “இண்டைக்கு ஓட்டமில்லை தம்பி. என்ன அவசரம், ஆருக்கும் சுகமில்லையோ?” என்றார். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறேன் என்றேன். “அதுக்கு அவசரமில்லை, நாளைக்கும் விடலாம்” என்றார்.

உரப்பையில் தலையை வைத்துப் படுத்தேன். உண்மையைச் சொன்னால், கண்ணை மூடவில்லை. வந்த பாதையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருவார், “நீர் போகக்கூடாது” என்பார், நான் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். எத்தனை நேரம் நிற்பது என்றுகூடத் தீர்மானித்து வைத்திருந்தேன்.

ஓடிவந்தவன் தில்லைநாதன். எழும்பி நின்று கடலைப் பார்த்தேன்.

“டேய், வாடா கெதியா!” அவனுக்கு மூச்சு வாங்கியது.

“என்னை ஆரும் கூப்பிடவேண்டாம்.”

“உன்னை ஆர் கூப்பிட்டது? தோட்டத்துக்கை குதிரை பூந்திட்டுது! துரத்த ஆள் காணாது!”

யாழ்ப்பாணம் போகக் கட்டிய உரப்பையால்தான் அன்று குதிரை விரட்டினேன். பதினொரு குதிரைகள். மிளகாயை மட்டும் ஒரு வாய் பார்த்துவிட்டுத் துப்பியிருந்தன. மற்றதெல்லாம் போய்விட்டது. லீலா வெறும் வாளியோடு நடுவில் நின்றாள். கால் மைல் தள்ளியிருந்த நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து இரண்டு மாதம் அள்ளி ஊற்றியவள்.

“எங்களுக்கு நாளைக்குத்தான் புள்ளி போட இருந்தது, அண்ணை” என்றாள். ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வாத்தியார் அடிக்கவுமில்லை. “மதிலைத் திருப்பிக் கட்டும். அரைப் பக்கம் எழுதித் தாரும். பிறகு பார்ப்பம்” என்றார்.

இரண்டு நாளில் கட்டி முடித்தேன். லீலா கல் எடுத்துத் தந்தாள். தில்லைநாதனும் தந்தான், இரண்டு நகம் போயிற்று அவனுக்கு. முதல் கட்டியதைவிட இது நல்ல மதில். பின்னேர வெயில் இடுக்குகளால் விழுந்து லீலாவின் சட்டையில் புள்ளிபுள்ளியாகக் கிடந்தது. அன்று என்னை யாராவது ‘இருக்கிறாயா, போகிறாயா’ என்று கேட்டிருந்தால் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் இருக்கப்போகிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். ‘மதில் கட்டுவதற்குக் கல் வேண்டும்’ என்று எழுதினேன். மத்தியானம் வரைக்கும் அதற்கு அடுத்த வரி வரவில்லை. அடுத்த நாள் காற்று விழுந்தது. லோஞ்சு ஓடியது.

அநியாயப் புள்ளிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று பல வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அரைப் பக்கத்துக்குப் பயந்து ஓடியவன் என்பதே சரி. லோஞ்சின் பின்பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் தீவு தட்டையானது, கெதியில் தாழ்ந்துபோகும். முதலில் மதில்கள் மறைந்தன, பிறகு பனைகளும்.

மன்னாரில் கருவாடு கட்டினேன், திருகோணமலையில் பேக்கரியில் மா பிசைந்தேன், வவுனியாவில் லொறிக்குக் கிளீனராகப் போனேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் தரிக்கவில்லை. ஆனால் எந்த ஊரிலும் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும்போது உள்ளே பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டால் கால் தானாக நிற்கும். என் பெயரும் வரும்போல இருக்கும். வராது என்று தெரிந்தும் கடைசிப் பெயர்வரை நின்றுவிட்டுத்தான் போவேன். லொறிச் சாரதி பலமுறை ஏசியிருக்கிறார்.

லீலா படித்து ஆசிரியையாகி, ஓய்வும் பெற்று இப்போது வேலணையில் இருக்கிறாள். போய் இரண்டு நாள் இருந்துவிட்டு நான் பையைத் தூக்கினால் கேட்பாள்: “அண்ணை, இந்தமுறை எத்தினை வீதம் விட்டிட்டுப் போறாய்?” அவளுடைய பேரப்பிள்ளைகளும் கேட்கப் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு நான் ‘முப்பத்தெட்டு மாமா’. (முறைப்படி தாத்தா. யாரும் திருத்துவதில்லை.)

போன கிழமை இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனையோடு இருந்தாள். ஆறு எழுத்துப்பிழை திருத்தினாள். அந்த வெறும் வாளி வந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனை நகரவில்லை. கடைசியில் வட்டம் போட்டு எழுதித் தந்தாள்: 39.

“என்னடி இது?”

“அரைப் பக்கம் கேட்டது. நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதுவும் அம்பது வருசம் பிந்தி.”

“ஒரு புள்ளி கூடப் போட்டால் நான் பாஸ்.”

“நாளைக்குப் போடுறன்” என்றாள். “பையைக் கொண்டுபோய் உள்ளை வை.”

வைத்தேன்.