கொஞ்சம் மெதுவா

ஓடுவதையும் பறப்பதையும் படம் பிடிக்கப் பழகுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கேமரா, முழங்காலில் மண், முகத்தில் கோபம். உலகம் தனக்காக ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்பதுதான் அந்தக் கோபம்.

ஆரணி வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி சேவூர் கிளமெண்ட் சார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறார். போன கிறிஸ்துமஸுக்குக் கேமரா வாங்கும்வரை அவரும் நம்மைப் போலவே ஓடுகிற பஸ்ஸில் ஏறி, பறக்கிற காக்கையைத் திட்டி, நிம்மதியாக வாழ்ந்தவர்தான். இப்போது பால்காரரை நிறுத்தி, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்றால் என்ன தெரியுமா என்று கேட்கிறார். வண்டி போகும் திசையில் கேமராவும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி இடுப்பை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை பயந்துபோய்த் தைலம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். படம்? பஸ் போன பிறகு எழும்பிய புழுதி மட்டும் வெகு தெளிவாக விழுந்திருந்தது.

தப்பு தன்னுடையது என்று இந்த இனம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. தப்பு ஓடுகிறவர் மேல். "கொஞ்சம் மெதுவா" என்பதே இவர்களுடைய மந்திரம். சார் இதை டவுன் பஸ் டிரைவரிடம் சொன்னார், வயலில் இறங்கிய கொக்கிடம் சொன்னார், தெருநாயிடமும் சொன்னார். கடைசியில் பட்டு நெய்யும் வேலுவின் வீட்டுக்குப் போய், நூலைச் சுமந்துகொண்டு தறியின் குறுக்கே பறக்கும் நாடாவையும் மெதுவாக விடச் சொன்னார். வேலு தறியை நிறுத்திவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"மெதுவா உட்டா நாடா பாதியில நின்னுரும் சார். அப்புறம் இழைதான் அறுந்துபூடும்."

சொன்ன பேச்சைக் கேட்டது ஒரே ஒரு ஜீவன்தான். ஆறாவது படிக்கும் அவருடைய மகள் ஹெப்சிபா. அப்பா "கொஞ்சம் மெதுவா" என்றதும் வேகத்தைக் குறைத்து, கேமராவைப் பார்த்து, பல் தெரியச் சிரிக்க அவளை நன்றாகப் பழக்கிவைத்திருந்தார். அவளுக்கு இருந்த ஆசை வேறு. இரண்டு வருஷமாக நூறு மீட்டர் பந்தயத்தில் வேலுவின் மகள் சுகன்யாதான் முதல். இந்த வருஷமாவது தான் ஜெயிக்க வேண்டும் என்று மூன்று மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு விழாவும் வந்தது. விசில் ஊதியதும் பாய்ந்தவள், எண்பது மீட்டர் வரை இரண்டடி முன்னால்தான் இருந்தாள். அம்மா ஜாக்குலின் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மண்ணில் குப்புறப் படுத்திருந்த சாருக்கோ மகள் கேமராவின் கட்டத்துக்குள் நிற்கவே இல்லை. பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஹெப்சிம்மா, கொஞ்சம் மெதுவா."

நல்ல பிள்ளை. வேகத்தைக் குறைத்தாள், கேமராவைப் பார்த்தாள், சிரித்தாள். சுகன்யா கயிற்றை மார்பால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

படம் வந்தது பாருங்கள், அத்தனை தெளிவு! முன்னால் கயிறோடு வேலுவின் மகள். பின்னால் பல்வரிசை தெரிய இவர் மகள். ஹெப்சிபா அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. சாருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது. மூன்றாம் நாள் வேலு வந்து, கண்ணாடி போட்டு மாட்ட அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது மெல்லச் சொன்னார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன கல்யாணத்தில் மாலை மாற்றப்போன ஜோடியைத் தூக்கிய கையோடு நிற்கச் சொன்னது யார்? முதல் அடி வைக்க எழுந்த குழந்தையை, "இரு இரு, போன் எடுத்துகினு வரேன்" என்று பிடித்து உட்காரவைத்தது யார்? அது மறுபடி எழுந்து நடக்க எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.