பேச்சுத்துணைக்கு ஒரு வகுப்பு

சவாசனத்தில் கிடந்தபடி சுமித்ரா ஓரக்கண்ணால் பக்கத்துப் பாயைப் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணை இறுக மூடியிருந்தாள். அதற்கடுத்த பாயிலும் அப்படித்தான். பேச்சுத்துணை தேடி வந்தவள், யாருமே வாய் திறக்கக்கூடாத வகுப்பாகப் பார்த்துச் சேர்ந்திருந்தாள்.

சர்க்கரை உள்ளவர்கள் யோகா, டான்ஸ், நடைப்பயிற்சி மூன்றில் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுமித்ராவுக்குச் சர்க்கரை இல்லை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவள் அவள். நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. "விரலை நீட்டுங்க." "பஞ்சை அழுத்திப் பிடிங்க." இந்த இரண்டையும் விட்டால் பகலெல்லாம் அவளுக்கு வேறு பேச்சில்லை. மாலையானால் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் மூடுபனி வந்து நிற்கும். அதுவும் பேசாது.

வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். சுமித்ரா தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். பக்கத்துப் பாய்க்காரியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னாள்.

"ராஜேஸ்வரி அக்காதானுங்களே? போன வாரம் உங்களுக்குச் சக்கரை முந்நூறு தாண்டிருச்சு."

கூடத்தில் சுருண்டுகொண்டிருந்த பாய்கள் எல்லாம் நின்றன.

"ஆமாங்க," என்றாள் ராஜேஸ்வரி.

"பலாப்பழமுங்களா?"

"ரெண்டே சுளைங்க."

"ரெண்டு சுளைக்கு அத்தனை ஏறாதுங்களே."

ராஜேஸ்வரி பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் சுமித்ராவுக்கு அன்றிரவு மனம் நிறைந்திருந்தது. ஒரு மனுஷியோடு உரையாடியிருக்கிறாள்.

மறுநாள் கூடத்தில் யோகா மாஸ்டர் சந்தோஷ்குமார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் டான்ஸுக்குப் போய்ட்டாங்க மேடம். யோகா புடிக்கலையாமா."

"எனக்குந்தானுங்க," என்று சொல்லிவிட்டு அவளும் போனாள். தன்னைப் போலவே நினைக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே ஆறுதலாக இருந்தது.

மகளிர் குழுக் கட்டடத்தில் டான்ஸ் வகுப்பு. ஆளுயர ஸ்பீக்கர் அதிர, அதே பெண்கள் கையை வீசிக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் சோதிக்க வரும் மயிலம்மாளுக்குப் பக்கத்தில் சுமித்ரா போய் நின்றாள். நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம். சுமித்ரா ஏதோ கேட்டாள். மயிலம்மாளுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள். அப்போதும் கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள்.

அந்த நொடியில் கரண்ட் போனது.

"...நீங்க மாத்திரையே போடறதில்லீங்களா அக்கா?"

கட்டடம் முழுக்க அவள் குரல் மட்டும் கேட்டது. மயிலம்மாளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அவள் புருஷன் சின்னான் எட்டிப் பார்த்தான்.

"தெனமும் போடறேன்னு சொன்னியே?"

"ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றாள் மயிலம்மாள். சிரித்த முகம் காணாமல் போயிருந்தது.

அடுத்த வகுப்பில் ஸ்பீக்கருக்கு முன்னால் சுமித்ரா ஒருத்திதான் நின்றாள்.

மிச்சமிருந்தது நடைப்பயிற்சி. விடியற்காலையில் அரியூர் நாட்டுப் பக்கம் போகும் ரோடு. முன்னால் பனிக்குள் சேலைகள் தெரிந்தன. பேச்சும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நடந்துகொண்டே பேசலாம். நமக்கு ஏற்றது இதுதான், முதலிலேயே தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

"ஏனுங்க, நில்லுங்க. நானும் வாரேன்."

சேலைகள் விரைந்தன. சுமித்ராவும் விரைந்தாள். அவர்கள் ஓடினார்கள். இவளும் ஓடினாள். சமவெளியில் நடந்து பழகிய கால், மேட்டில் நின்று நின்று இழுத்தது. ஒவ்வொரு நாள் காலையும் இப்படியே போனது. வளைவைத் தாண்டிப் பேச்சுச் சத்தம் கேட்கும். இவள் போய்ச் சேரும்போது பனி மட்டும் இருக்கும். நாளைக்கு எட்டிப்பிடித்துவிடலாம் என்று வெறும் ரோட்டில் திரும்பி வருவாள்.

ஒரு நாள் மிளகுத் தோட்டத்து வழியாகக் குறுக்கே ஏறினாள். மேலே ரோட்டோரம் குரல்கள் கேட்டன.

"வந்துட்டாளா?"

"வளைவுகிட்ட வருவா. மறுபடியும் யார் சக்கரையச் சொல்லப் போறாளோ. கெளம்புங்கடி."

சுமித்ரா கொடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வகுப்பும் ஒரே வகுப்புதான் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் பயிற்சி செய்ததெல்லாம் அவளிடமிருந்து தப்பிக்கத்தான்.

அதன்பின் அவள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. கீழே எங்காவது மாற்றல் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். யாரும் தன்னைப் பார்த்து ஓடாத ஊராக இருந்தால் போதும்.

மாதாந்திர ரத்தச் சோதனைக்கு அவர்கள் வரிசையாக வந்தார்கள்.

"விரலை நீட்டுங்க. பஞ்சை அழுத்திப் பிடிங்க."

முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சர்க்கரை அளவை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. கடைசியாக மயிலம்மாள் உட்கார்ந்தாள்.

"எத்தனைங்க?"

"டாக்டர் சொல்லுவாருங்க."

"கொறைஞ்சிருக்குதுங்களா?"

சுமித்ரா குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லாவே கொறைஞ்சிருக்குதுங்க. எல்லாருக்குந்தான்."

மயிலம்மாள் எழவில்லை. பஞ்சைப் பிடித்தபடி, வெளியே பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ராஜேஸ்வரி கதவோரம் வந்து நின்று, கேளு என்பதுபோல் தலையசைத்தாள்.

"நாளைக்குக் காலைல வந்துருங்க கண்ணு," என்றாள் மயிலம்மாள். "நீங்க தொரத்தாம ஒருத்தியும் வெரசா நடக்க மாட்டேங்கறா."