சட்டை மோந்த சித்தர்

ஆளை அழைத்து வரவேண்டியதில்லை, அழுக்குச் சட்டை போதும். மோந்து பார்த்தே எந்த ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் சட்டைச் சித்தர். அப்படி ஒரு மூக்கு உலகத்திலேயே ஒன்றுதானாம். தெருமுனை வரை சட்டையும் கையுமாக வரிசை நின்றது.

சலவைக்கடை அக்காவும் நின்றாள். நம்பிக்கையால் அல்ல, கூட வந்த தம்பி மனைவி கெஞ்சியதால். தம்பிக்கு மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. காலையில் கை நடுங்குகிறது. போன வாரம் ரம்பம் விரல் நுனியைச் சீவிவிட்டது. அடுத்து கையே போய்விடுமோ என்று இருவருக்கும் பயம்.

சித்தர் கண்ணை மூடித் தம்பியின் சட்டையை மோந்தார். மூக்கு வேலை செய்யும்போது கண் திறந்திருக்கக் கூடாதாம்.

"பக்கத்து வீட்டுப் பொறாமை. ஆவியா வந்து கையை ஆட்டுது. ஒன்பது வாரம் கயிறு கட்டணும்."

"நான் சொல்லல அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருஷம் ஆகிறது. பூட்டின வீட்டிலிருந்தும் பொறாமை கிளம்பும் போலிருக்கிறது.

அக்கா பையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து நீட்டினாள். "இதையும் பாருங்க சாமி."

சித்தர் மறுபடி கண்ணை மூடினார். "இவன் மகா குடிகாரன். ஏழு ஆவி. சுடுகாட்டு வாடை வீசுது."

"நேத்துதான் ரெண்டு தடவை வெளுத்து இஸ்திரி போட்டேன்."

பக்கத்தில் நின்ற சிஷ்யர் காலரைத் திருப்பிச் சலவைக் குறியைப் பார்த்தார். வெள்ளை மனசுக்காரர். "சாமி, இது உங்க சட்டை. நான்தான் சலவைக்குப் போட்டேன்."

வரிசை கொல்லென்று சிரித்தது. சித்தருக்குத் திடீரென்று தியானம் வந்துவிட, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. "அப்போ உங்க தம்பிக்கு என்னதான் அண்ணி?"

"பாக்கெட்டைக் காலி பண்ணிட்டுத்தானே சட்டையைச் சலவைக்குத் தர்றே. ஏன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாட்டில் மூடி இருக்கும். புதினா மிட்டாய் காகிதம் இருக்கும். நீங்க பாத்துடுவீங்களோன்னு..."

"அப்படியும் ஒண்ணு ரெண்டு தப்பி வந்துச்சு. நானும் ஆறு மாசமா குப்பையில போட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். என் தம்பி குடிக்கிறான்னு சொல்ல எனக்கு வெட்கம்." அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. "அந்த ஆளு நம்ம வெட்கத்துலதான் பிழைக்கிறான்."

நேராகப் பட்டறைக்குப் போனார்கள். தம்பி மறுத்தான், கத்தினான், அழுதான், கடைசியில் டாக்டரிடம் வந்தான்.

வரிசையில் சிரித்தவர்களோ, அடுத்த தெருவில் செருப்பை மோந்து சொல்கிறவர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா, அம்மா, உங்கள் வீட்டு ஆளின் கை நடுங்குவதைப் பார்க்க உங்கள் கண் போதாதா? அதற்கும் ஊரான் மூக்குதான் வேண்டுமா?