தேசம்மா அக்காவின் கேசட்

மேடையில் பேசத் தெரியாதவன் வீட்டில் ஒத்திகை பார்க்கவே கூடாது. (பார்த்தாலும், பக்கத்தில் டேப் ரெக்கார்டர் இருக்கக் கூடாது.)

திருவொற்றியூரில் நாங்கள் மூன்று நண்பர்கள் வாடகை அறை ஒன்றில் வட்டார ஆவணக் காப்பகம் நடத்திவந்தோம். கடலோரக் குடும்பங்களின் பழைய படங்களையும் குரல்களையும் சேர்த்தோம். மழை வந்தால் அவற்றைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் தண்ணீரில் நிற்போம். அப்போதுதான் சிறு காப்பகங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளை ஒன்று எங்களை நேரில் வரச்சொன்னது.

காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மா அக்கா எங்களிடம் ஒரு கேசட் தந்திருந்தார். இறந்துபோன அவர் கணவர், துடுப்பு போடும்போது பாடும் பாட்டுகளை அதில் பாடியிருந்தார். அவர் குரல் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை முறையாகக் கணினியில் ஏற்றத்தான் நிதியே கேட்டோம்.

போவதற்கு முதல் நாள் வீட்டில், காலி கேசட் என்று நினைத்த ஒன்றில் என் உரையைப் பேசிப் பதிவு செய்தேன். (இரண்டு கேசட்டிலும் பெயர் எழுதி ஒட்டவில்லை. காப்பகம் நடத்தியவன் லட்சணம் இது!)

மறுநாள் அறக்கட்டளைக் குழுவின் முன் அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் கணவர் பாட்டைப் போடப் பட்டனை அழுத்தினேன்.

"பெருமதிப்பிற்குரிய குழுவினரே..." என் குரல். நடுவே என் மனைவி: "கொயாயில தண்ணி வந்துச்சு, குடத்த எடுத்துகினு வா!"

குழுவினர் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி அடுத்த கேசட்டைப் போட்டேன். வெறும் இரைச்சல். அதுதான் காலி கேசட்.

"இன்னா நைனா, எம் புருசன் பாடுவாருன்னு இட்டாந்து குந்தவெச்சிட்டு, நீ பேசிகினு கீற?" என்றார் அக்கா.

"அவரு பாட்டு மேலயே பேசிட்டேங்கா. அழிஞ்சிபோச்சு."

அக்கா நாற்காலியை டேப் ரெக்கார்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "உன்னுது முடியட்டும். பின்னால எதுனா கீதான்னு பாப்போம்" என்றார்.

முதல் கேசட்டை மறுபடி ஓடவிட்டேன். என் உரை முழுவதும் ஓடியது. 'குரல்களைக் காப்பதே எங்கள் உயிர்மூச்சு' என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம், மூச்சு வாங்கும் ஓர் ஆண் குரல்:

"ஏ தேசம்மா, இன்னும் ஓடிகினு கீதா?"

அவ்வளவுதான். கேசட் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு தபா போடு" என்றார் அக்கா.

நிதி கிடைக்கவில்லை. அறையையும் காலி செய்தோம். அந்த ஒரு வரியை மட்டும் அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். காசிமேட்டில் என் தலை தெரிந்தாலே மீன்காரப் பெண்கள், "இன்னும் ஓடிகினு கீதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வீட்டில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் என் மகளும் அதையேதான் கேட்கிறாள்.

அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் போன் அடித்தால் மட்டும் உடனே எடுக்கமாட்டார். கணவர் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.