பிரிஸ்பேனுக்காக ஒரு மௌன விரதம்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதாம் ஆண்டு, விநாயகர் விரத காலத்தில், முரசுமோட்டை ஐயாத்துரையார் ஒரு வைராக்கியம் பூண்டார். வெள்ளிக்கிழமை தொட்டுத் தினமும் காலை முதல் மத்தியானம் வரை சாமியறையில் மௌன விரதம். அந்த நேரத்தில் வயலும் இல்லை, வரம்பும் இல்லை, வாயும் இல்லை.

பக்தியில் அவருக்குக் குறைவேதும் இருந்ததில்லை. ஆயினும், அவுஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்த மேற்கிந்தியத் தீவு அணி பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடத் தொடங்கியதும் அதே வெள்ளிக்கிழமைதான். முன்னொருமுறை அவர் கிரிக்கெட் வர்ணனையில் இலயித்திருந்த வேளையில் வாய்க்கால் உடைந்து வெள்ளம் பயிரை மூடிவிட்டது. அன்றே மனைவி கமலாசனி, வயல் வேலைக் காலத்தில் இந்த வீட்டில் கிரிக்கெட் ஒலிக்கலாகாது என்று தீர்ப்பளித்துவிட்டார். ஆகவே பற்றரி றேடியோ பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு பிள்ளையார் படத்தின் பின்னே எழுந்தருளியது.

வீட்டில் வேறொரு வழக்கும் நிலுவையில் இருந்தது. முற்றத்தில் குவிந்து கிடந்த செங்கல் முன்புறத் திண்ணைக்கா, அடுக்களைக்கா என்பதே அது.

"முன்னுக்கு ஒரு விறாந்தை வேணும். ஆக்கள் வந்தால் எங்கை இருக்கிறது?" என்பார் ஐயாத்துரையார்.

"குசினி ஒழுகுது. வந்த ஆக்களுக்கு மழைத்தண்ணியையோ குடுக்கிறது?" என்பார் கமலாசனி.

விரதம் இரண்டு நாள் இனிதே நடந்தது. ஞாயிறு, ஆட்டத்துக்கு ஓய்வு நாள். ஐயாத்துரையார் விடியவே எழுந்து தேவாரம் பாடினார், மாட்டோடு கதைத்தார், வேலியோடும் கதைத்தார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மௌனம் இல்லையோ?"

"ஞாயிறு விதிவிலக்கு."

"பிள்ளையாருக்கும் ஞாயிறு லீவோ?"

"உதெல்லாம் ஆகம நுட்பம். உமக்கு விளங்காது."

"ஓம், எனக்கென்ன விளங்கும்" என்றார் கமலாசனி, வெகு பணிவாக.

அந்தப் பணிவைக் கண்டே அவர் அஞ்சியிருக்க வேண்டும். மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர், ஆங்கில வர்ணனை கதவுக்கு வெளியிலும் விளங்கும் என்பதும் விரதகாரருக்கு நினைவில் இல்லை.

புதன்கிழமை, கடைசி நாள். மத்தியானம் திரும்புகிற வேளை, கடைசி ஓவர் வந்துவிட்டது. அவுஸ்திரேலியாவுக்கு வேண்டியது ஆறு ஓட்டம். கையில் மூன்று விக்கெட். ஐயாத்துரையாரின் உயிர் பட்டுச் சால்வைக்குள் ஒடுங்கி நின்றது.

கதவு திறந்தது. கமலாசனி நின்றார், பின்னே, தோளில் சுவர் இடிக்கும் அலவாங்கோடு மேசன் ஏரம்பு.

"ஏரம்பு, பழைய குசினியை இடிச்சுப்போட்டு இண்டைக்கே அத்திவாரம் வெட்டும். ஐயாவுக்குச் சம்மதம்."

"ஐயா விறாந்தை எண்டெல்லோ சொன்னவர், அம்மா?"

"அது விரதத்துக்கு முந்தி. இஞ்சாருங்கோ, விருப்பமில்லையெண்டால் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. விரதம் முறிஞ்சால் என்ன, மண்வெட்டியோடை வயலுக்குப் போகலாம்."

சொன்னால் விறாந்தை நிலைக்கும், ஓவர் போய்விடும். சால்வைக்குள் விக்கெட் ஒன்று விழுந்த ஆரவாரம் எழுந்தது. ஐயாத்துரையார் பதறி, இடிக்க வேண்டாம் என்று வலக்கையை உயர்த்தினார்.

"பாத்தீரோ, ஆசீர்வதிக்கிறார்" என்றார் கமலாசனி.

ஏரம்பு அதை அபயகரமாகவே கண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

குசினிச் சுவரில் அலவாங்கு இடிக்கத் தொடங்கியது. கடைசிப் பந்து அந்த இடியில் அமிழ்ந்தது. றேடியோவில் ஒரே இரைச்சல். ஐயாத்துரையாருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மௌனத்தைக் கைவிட்டார்.

"கமலாசனி, ஆர் வெண்டது?"

கமலாசனி படத்தருகே சென்று, சால்வையை விலக்கி, செவி சாய்த்து நிதானமாகக் கேட்டார். பிறகு சால்வையை மடித்துக் கணவர் தோளில் அன்போடு போட்டார்.

"ஒருத்தரும் வெல்லேல்லையாம். ரெண்டு பக்கமும் சமமாம். அங்கை அப்பிடி முடிக்கலாம். நீங்கள் எழும்பி வாங்கோ, ஏரம்புவுக்குக் கல்லு எடுத்துக் குடுக்க ஆளில்லை."