தங்க ரேக்கு வெங்காயம்

இந்தக் கதையை நான் ஏழு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நடந்ததில் பாதிக்கு நானே சாட்சி. ஆர்மிடேல் பொருட்காட்சி மைதானத்து மண்டபத்தில், அன்றைய ராஜசபையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். சந்தேகமெல்லாம் மற்ற பாதியில். அது பூட்டிய ஷெட்டுக்குள், நெவில் என்கிற மனிதனின் தலைக்குள் நடந்தது. அதை எனக்குச் சொன்னது நெவில் இல்லை. அவன் மனைவி கிளெனிஸ். ஒருவன் தனியாக உட்கார்ந்து நினைத்ததை இன்னொருத்தி எப்படி வரிக்கு வரி சொல்ல முடியும்? எனக்கு ஐம்பத்தாறு வயது. நான் நினைப்பது எனக்கே பல நேரம் பிடிபடுவதில்லை. இருந்தாலும் அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

நெவில் வாரநாட்களில் நகரசபையில் சாக்கடைக்கு வரைபடம் போடுபவன். சனி ஞாயிறுகளில் பதினான்காம் நூற்றாண்டுத் துறவி. பழைய காலத்து ஐரோப்பிய ராஜ்யத்தை வேஷம் கட்டி நடத்துகிற எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் இப்படி இரண்டு பிழைப்பு உண்டு. வாள் சண்டையில் ஜெயித்து ராஜாவான வாரன், திங்கட்கிழமை டயர் மாற்றுவான். ராணி டொரீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். ராஜ்யத்திலேயே மனைவி உள்ள துறவி நெவில் ஒருவன்தான். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மனைவிதான் எங்களுக்கெல்லாம் விருந்து சமைக்கிறாள்.

நெவிலின் துறவறப் பணி பட்டயம் எழுதுவது. சபையில் ராஜா ஒருவரைக் கௌரவித்தால் அதற்குப் பட்டயம் உண்டு. கன்றுத்தோலில், வாத்து இறகால், பழைய காலத்து எழுத்தில் எழுத வேண்டும். ஓரமெல்லாம் கொடியும் பூவும். முதலெழுத்துக்குத் தங்க ரேக்கு, காகிதத்தைவிட மெல்லிய தகடு. ஒன்றுக்கு நாலு மாதம் பிடிக்கும். அதனால் விருது அன்றைக்கே கிடைக்கும். பட்டயம் பிறகு வரும். எங்கள் ராஜ்யத்தில் ‘பிறகு’ என்பது ரொம்ப நீளமான சொல்.

நான் கதவைப் பிடித்து நின்ற அந்தச் சபைக்குப் பதினோரு வருஷம் முன் கிளெனிஸுக்குத் தொண்டு விருது கிடைத்தது. நூற்றிருபது பேருக்கு விடாமல் சமைத்துப் போட்டதற்காக. அப்போதைய ராஜா கை குலுக்கினான். பட்டயம் பிறகு என்றான். எழுத வேண்டியவன் நெவில்.

வீட்டு ஆள்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று நெவில் நினைத்தான். முதலில் டாம்வொர்த்காரருக்கு எழுதினான். அப்புறம் டொவூம்பா. அப்புறம் பிரிஸ்பேனில் ஒரு வில்லாளி. கிளெனிஸ் ஒன்றும் கேட்கவில்லை. விருது வாங்கின மறுநாள் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். அதோடு சரி.

காலி ஆணியைத் தினமும் பார்ப்பது கஷ்டம். பரிகாரமாக நெவில் பாத்திரம் கழுவப் போனான். யாரும் சொல்லவில்லை, அவனே போய்த் தொட்டியில் கையை விட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு விருந்து முடிந்ததும் நூற்றிருபது தட்டும் ஏழு அண்டாவும் அவன் கணக்கில். ஆணி காலியாக இருக்க இருக்க, அண்டா பளபளத்தது.

பதினோராவது வருஷம் ஜனவரியில், ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தபோது, நெவில் எழுந்து நின்று சபதம் செய்தான். மனதுக்குள்தான். ஜூலையில் குளிர்காலச் சபை. அதற்குள் கிளெனிஸின் பட்டயம் தயாராக வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியாமல். கூட்டத்தின் நடுவில் அவள் பெயரைக் கூப்பிட வேண்டும். அவள் திகைத்து நிற்பதை அவன் பார்க்க வேண்டும். பதினோரு வருஷத் தாமதத்துக்கு அதற்குக் குறைந்து எதுவும் ஈடாகாது.

மறுநாளே ஷெட்டுக்குப் பூட்டு வந்தது.

“ஷெட்டுக்கு எதுக்குப் பூட்டு?”

“பட்டயம் எழுதப் போறேன்.”

“இருபது வருஷமா சாப்பாட்டு மேஜையிலதானே எழுதின?”

“இது ரகசியம். சபையில கூப்பிடுற வரைக்கும் யாருக்குன்னு வெளிய தெரியக்கூடாது. நம்ம சட்டமே அதான்.”

“மத்ததுக்கெல்லாம் சட்டம் லீவுல இருந்துச்சா?”

“இது பெரிய ரகசியம், கிளெனி.”

“சரி. பெரிய ரகசியம் டீ குடிக்குமா?”

“கதவுக்கு வெளிய வச்சிடு.”

வைத்தாள். கூடவே இரண்டு பிஸ்கட்டும். நம்பிவிட்டாள் என்று நெவில் நினைத்தான்.

வர்ணம் குழைக்க முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். அடித்து நுரையாக்கி, அடியில் ஊறும் நீரை எடுத்து, நாலு நாள் வைக்க வேண்டும்.

“நெவில், ஒரு டஜன் முட்டை உடைஞ்சிருக்கு. வெள்ளையெல்லாம் எங்க?”

“வர்ணத்துக்கு.”

“பன்னிரண்டுமா?”

“முதல் நாலைப் பூனை குடிச்சிடுச்சு. அடுத்த நாலு கெட்டுப்போச்சு.”

“மிச்ச நாலு?”

“அது இன்னும் கெடல. கெட்டாத்தான் ஒட்டும்.”

“அப்ப முதல்ல கெட்டது என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது அளவு மீறிக் கெட்டுப்போச்சு.”

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் கஸ்டர்ட் தவிர வேறு இனிப்பு கிடையாது. பன்னிரண்டு மஞ்சள் கருவுக்கும் கிளெனிஸ் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு மெர்வ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இன்னும் இருக்கா என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போனான்.

ஓரத்துக்கு என்ன வரைவது? நெவில் ஷெட்டில் இரண்டு சனிக்கிழமை சும்மா உட்கார்ந்திருந்தான். லில்லிப் பூ? வில்லாளிக்கே லில்லி போட்டாயிற்று. சிங்கம்? கிளெனிஸுக்குச் சிங்கம் சரிவராது, சிங்கம் பயந்துவிடும். கண்ணை மூடி அவளை நினைத்துப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்தது போல் இருந்தது. விடியற்காலையில், குளிரில் சிவந்த கையோடு, மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெங்காயமே வரைந்தான். ஓரம் முழுக்க. இடையிடையே வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ், கரண்டி, கொதிக்கும் அண்டா. கீழே ஒரு மூலையில், ஏப்ரன் கட்டின ஒருத்தி துரத்த, ஒரு வாத்து ஓடுகிறது. வெங்காயம் ஒவ்வொன்றுக்கும் தங்க ரேக்கு. முதல் ரேக்கு ஒட்டியபோது அவன் கண் கலங்கியது. வெங்காயத்தை உரிக்கக்கூட இல்லை.

ரேக்கு ஒட்டுவது லேசில்லை. சுண்ணப் பசையை மேடாகப் பூசி, காய்ந்த பின் ஒரு குழல் வழியாக அதன்மேல் மூச்சு விட வேண்டும். மூச்சின் ஈரம் பட்டால்தான் தங்கம் பிடிக்கும். ஜூன் மாத ஆர்மிடேலில் மூச்சு பசைக்குப் போவதற்குள் பனியாகிவிடும். நெவில் சமையலறைக் கெட்டிலை ஷெட்டுக்குத் தூக்கிப் போனான். ஆவியில் தங்கம் ஒட்டியது. வெங்காயத்தில் பாதி, அவன் மேல் பாதி.

“கெட்டில் எங்க, நெவில்?”

“ஷெட்ல. சளி பிடிச்சிருக்கு, ஆவி பிடிக்கிறேன்.”

“இங்க வா, வெளிச்சத்துக்கு. மீசையில என்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“தங்கம். எந்த டாக்டர் சளிக்குத் தங்கம் எழுதிக் குடுத்தார்?”

நெவில் மீசையைத் துடைத்தான். தங்கம் போகவில்லை. அவள் விரலை நனைத்து, மீசையிலிருந்து ஒவ்வொரு துணுக்காக எடுத்தாள்.

“இந்தப் பட்டயத்தை வாங்கப்போற ஆளு குடுத்து வச்ச ஆளு.”

“ஆமா. நல்ல ஆளு.”

“உனக்குப் பிடிச்ச ஆளா?”

“ரொம்ப.”

“பொம்பளையா?”

“சொல்லக்கூடாது. சட்டம்.”

“அப்ப பொம்பளைதான். கல்யாணம் ஆனவளா?”

“கிளெனி, வேண்டாம்.”

“அவ புருஷன் இதைப் பார்த்தா ஒண்ணும் சொல்ல மாட்டானா?”

“சொல்ல மாட்டான். அவன் ரொம்ப நல்லவன்.”

“அப்படியா? நான் கேள்விப்பட்டது வேற.”

அன்று முழுக்க நெவிலுக்கு உள்ளூரச் சங்கடம். சந்தேகப்படுகிறாள், பாவம். ஆனால் கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. இவ்வளவு தூரம் அவளிடம் ஒரு விஷயத்தை மறைத்தவன் அந்தத் தெருவிலேயே இல்லை.

எங்கள் பட்டயங்களில் வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்னார் செய்த தொண்டுக்காக, இந்த நாளில், இன்ன ராஜா. பெயருக்கான இடம் கடைசி வரை காலி. ராஜா காலையில்கூட மனம் மாறலாம் என்பதால், சபை கூடும் அன்று எழுத்தர்தான் பெயரை எழுதுவார். எழுத்தர், ஜூன் என்கிற, மூக்குக் கண்ணாடி போட்ட கறாரான பெண். சபை நாள் காலையில் நெவில் அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போய்ப் பட்டயத்தைக் கொடுத்தான்.

“கிளெனிஸ் பேரை எழுது. அவகிட்ட மூச்சு விட்டுடாதே.”

“கிளெனிஸ்கிட்ட நான் எதையாவது மறைக்க முடியுமா, நெவில்?”

“முயற்சி பண்ணு. இன்னிக்கு ஒரு நாள்.”

ஜூன் தோலை வெளிச்சத்தில் பிடித்தாள். “இவ்வளவு வெங்காயமா?”

“ஆமா.”

“பொருத்தமாத்தான் இருக்கு,” என்று சொல்லிப் போய்விட்டாள்.

மாலை நாலு மணிக்குச் சபை கூடியது. நெவில் முன்வரிசையில், துறவி அங்கிக்குள், பெரிய கைக்குட்டையோடு உட்கார்ந்தான். கைக்குட்டை கிளெனிஸுக்கு, அவள் அழுதால் கொடுக்க. கிளெனிஸ் சமையலறையிலிருந்து வந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கதவருகில் என் பக்கத்தில் நின்றுகொண்டாள். மூன்று விருதுகள் போயின. நாலாவதாக, அறிவிப்பாளன் பட்டயத்தை விரித்தான். தங்கம் மின்னியது. நெவில் கைக்குட்டையை உதறித் தயாராக வைத்துக்கொண்டான்.

“நெவில், முன்னால் வருக.”

நெவில் திரும்பிப் பார்த்தான், எந்த நெவில் என்று. மண்டபத்தில் வேறு நெவில் இல்லை. இரண்டு பேர் பிடித்துத் தள்ள, ராஜாவின் முன் மண்டியிட்டான்.

“நெவில்,” என்றான் வாரன், “பட்டயத்துக்காகன்னு நினைச்சுக்காதே. அதுக்கு வேற விருது இருக்கு, அது பிறகு. பதினோரு வருஷமா, நாங்கெல்லாம் தின்னுட்டுக் கிளம்பின அப்புறம், தட்டும் அண்டாவும் கழுவினியே, அதுக்கு. நாங்க யாரும் பார்க்கல. பார்த்த ஒரு ஆள் எழுதிக் குடுத்தாங்க.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தான் தங்கம் பூசிய நாற்பது வெங்காயமும் ஏழு அண்டாவும் தன் கைக்கே வருவதை நெவில் பார்த்தான். ஜூனின் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், அவன் பெயர். கைக்குட்டை வீணாகவில்லை. அவனே உபயோகித்தான்.

விருந்து முடிந்ததும் வழக்கம்போல் தொட்டியில் அவன். துடைப்பதற்குத் துணியோடு அவள்.

“கிளெனி, அது உன்னோட பட்டயம்.”

“உன் பேர்தானே போட்டிருக்கு?”

“உனக்காகத்தான் எழுதினேன்.”

“தெரியும்.”

“எப்பத்திலேர்ந்து?”

“பூட்டு வாங்கினியே, அன்னிலேர்ந்து.”

“அப்புறம் ஏன் பொம்பளையான்னு துளைச்சு எடுத்த?”

“அவ புருஷனைப் பத்தி நீ என்ன நினைக்கிறன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

நெவில் ஓர் அண்டாவைத் தேய்த்தான். ஏற்கெனவே தேய்த்த அண்டா. “நான் தோத்துட்டேன், கிளெனி. பதினோரு வருஷம். உன் பட்டயம் இன்னும் பாக்கி.”

“பாக்கியெல்லாம் இல்ல. வீட்டுல இருக்கு. துணி அலமாரியில, மேஜை விரிப்புக்கு அடியில.”

“என்ன இருக்கு?”

“என் பட்டயம். டொரீன் எழுதிக் குடுத்தா, ஒன்பது வருஷம் முன்னாடி. நல்லாத்தான் இருக்கு. மயில் போட்டிருக்கா, கோழி மாதிரி தெரியுது.”

“ஒன்பது வருஷமா?”

“தட்டைக் கீழ போட்டுடாதே.”

“ஏன் மாட்டல? அதுக்குத்தானே ஆணி அடிச்ச?”

“மாட்டியிருந்தா நீ அடுத்த விருந்துலயே தொட்டியை விட்டு ஓடியிருப்ப.”

நெவில் கோபப்பட முயன்றான். ஒன்பது வருஷம், வருஷத்துக்கு ஆறு விருந்து, ஒன்றுக்கு நூற்றிருபது தட்டு. கோபத்துக்குப் போதுமான தொகைதான். கோபம் வரவில்லை. இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். தன் அம்மா போனதைக் கிளெனிஸ் அழுது தீர்த்ததும் இங்கேதான். யார் யாரோடு சண்டை என்று அவள் சொல்ல, அவன் சோப்புக் கையோடு சிரித்ததும் இங்கேதான்.

“வீட்டுல நீ குனிஞ்சா நிமிர மாட்ட,” என்றாள் கிளெனிஸ், தட்டைத் துடைத்தபடி. “என்னையும் தோலையும் வச்சா தோலைத்தான் பார்ப்ப. இங்கதான் உன் கை ஈரமா இருக்கும். ஈரக் கையோட எதையும் எழுத முடியாதே.”

கழுவின தட்டை அவளிடம் நீட்டி நெவில், “தேங்க்ஸ், கிளெனி,” என்றான்.

“எதுக்கு?”

“ஆணிக்குன்னு வச்சுக்க.”

“வச்சுக்கிறேன். அந்தப் பெரிய அண்டா இன்னும் இருக்கு.”

இதுதான் கதை. கிளெனிஸ் சொன்னது இவ்வளவும். ஷெட்டில் அவன் சிங்கத்தை யோசித்ததும், முதல் ரேக்குக்குக் கண் கலங்கியதும், மீசையைக் காட்டிவிட்டுப் பெருமைப்பட்டதும் உட்பட. நெவிலிடம் இதெல்லாம் உண்மையா என்று கேட்டால், “கிளெனி சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். மனிதன் முன்னைவிடச் சந்தோஷமாக வேறு இருக்கிறான். அதுதான் என்னைக் குடைந்தது. ஒரு ஆள் உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் வாசிக்கப்பட்டுவிட்டு, அதற்கு நன்றியும் சொல்லுவானா?

போன மாதம் விருந்துக்கு முன், எப்படியும் கேட்டுவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். கிளெனிஸ் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோடியில் என் மனைவி பெவ், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கிளெனிஸ், தலை நிமிராமலேயே, “அவன் மனசுல ஓடினது எனக்கு எப்படித் தெரியும்னுதானே கேட்கப் போற? ஏழு வருஷம் ஆச்சு உனக்கு. கேளு,” என்றாள்.

அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிட்டது. பெவ்வின் கத்தி நின்றிருந்தது. நான் கிளெனிஸின் காதருகில் குனிந்து, முடிந்தவரை மெதுவாக, வேறொன்றைக் கேட்டேன்.

“பெவ்வுக்கும் இப்படித்தான் எல்லாம் தெரியுமா?”