தியோடர் துரத்திய மேகம்

இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கருமேகத்தையாவது கேமராவில் பிடித்தே தீருவது என்று தியோடர் சபதம் போட்டார். அடுத்த வருஷ சர்ச் காலண்டரின் அட்டையில் ஹொசகோட்டை ராகி வயல், அதன் மேல் இடிந்து விழப்போகிற வானம், கீழே பொடி எழுத்தில் அவர் பெயர். அவர் குடியிருக்கும் லிங்கராஜபுரமே அண்ணாந்து பார்க்க வேண்டும்!

மேகம்தான் ஒத்துழைக்கவில்லை. காரை ஓரங்கட்டி, பெல்ட்டைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது கோலாரில் போய்ப் பெய்துகொண்டிருக்கும். ஓட்ட ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னப்பாவை ஒருநாள் அழைத்துப்போனார். பிரியாணிக் கடையைக் கண்டதும் சின்னப்பா பிரேக் போட்டார். இரண்டாவது பிளேட் காலியானபோது வானமும் காலி.

மிச்சம் இருந்தது மனைவி ஜோசஃபின். அங்கேதான் சிக்கல். கார் ஓட்டக் கத்துக்கட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், "உனக்கெதுக்கு? கீறல் விழும்" என்று சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிய மகானுபாவர் அவர்.

"ஜோசி, நீ கார் கத்துக்கோயேன்."

"பேடப்பா சாமி, வேண்டவே வேண்டாம். கீறல் விழும்."

"விழுந்தா விழட்டும்."

"எனக்கு வயசாயிடுச்சு."

"உனக்கா? எவன் சொன்னான்?"

"நீங்கதான். போன கிறிஸ்மஸ்ல."

தியோடர் காபி போட்டுக் கொடுத்தார். பாத்திரம் தேய்த்தார். மீன்கூட ஆய்ந்தார். கடைசியில் அவள் மனமிரங்கினாள்.

"சரி. எல்.எல்.ஆர். சமாச்சாரமெல்லாம் நானே பார்த்துக்கறேன். நீங்க கத்தாம சொல்லிக் குடுக்கணும்."

வயலோர மண்பாதையில் பாடம் நடந்தது. கிளட்சை விட்டால் கார் தவளை மாதிரி குதித்தது. வைப்பரைப் போடு என்றால் ஹார்ன் அடித்தாள். தியோடர் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே கற்றுக்கொடுத்தார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், பாடத்தின் நடுவே வந்தது மேகம். கரியும் நீலமுமாக, ராகிக் கதிரை உரசிக்கொண்டு. தியோடர் கேமராவைத் தூக்கினார். அதற்குள் அது ஏரிப்பக்கம் நகர்ந்தது. பாதையை அடைத்துக்கொண்டு எதிரே ஒரு வைக்கோல் டிராக்டர்.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"சும்னே உக்காருங்க, பேசாம" என்றாள் ஜோசஃபின்.

கார் சர்ரென்று பின்னால் போனது. இரண்டு வரப்புக்கு நடுவே ஒரே வெட்டில் திரும்பியது. கியர் மாறிய சத்தம்கூடக் கேட்கவில்லை. ஏரிக்கரை ஏறி, மேகத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர் பக்கத்துக் கண்ணாடியையும் அவளே இறக்கிவிட்டாள். வயலுக்குள் மின்னல் இறங்கிய அதே நொடியில் தியோடர் அமுக்கினார். படம் விழுந்துவிட்டது! சந்தோஷத்தில் மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தியா ஜோசி! அட்டைப்படம் கிடைச்சாச்சு! உன்னையும் எப்படி ஓட்ட வெச்சிருக்கேன் பாரு! எல்லாம் என் டிரெயினிங்!"

"ஓட்டக் கத்துக்கிட்டு மூணு வருஷம் ஆச்சுங்க" என்றாள் ஜோசஃபின், முதல் கியரைப் போட்டபடி. "சாவியை வாங்கத்தான் இவ்வளவு நாளாச்சு."